மருந்துக்கு எந்த ஊர் மணி?

(இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி., விலங்கியல்)

“காலை ஒன்று, இரவு ஒன்று” என்று மருந்துச் சீட்டில் எழுதியிருப்பதை நாம் அனைவரும் பார்த்திருக்கிறோம். அந்தக் காலை எந்த ஊர்க் காலை என்று எந்தச் சீட்டிலும் எழுதியிருப்பதில்லை. எழுத வேண்டிய தேவையும் இல்லை. மேலூரில் விடிந்தால் மதுரையிலும் விடிந்துவிடுகிறது. ஆனால் பூமி உருண்டையில் ஏறக்குறையப் பாதியைத் தாண்டிப் போகிறவருக்கு அந்தச் சீட்டு பொருள் விளங்காத விடுகதையாகிவிடுகிறது.

2024ஆம் ஆண்டு மே மாதத்தில் அந்த விடுகதை எங்கள் வீட்டுத் திண்ணைக்கே வந்து சேர்ந்தது. என் பெரியம்மாவின் மகள் திருமணமாகி அமெரிக்காவில் சிகாகோ நகரில் வாழ்கிறார். அவருக்குப் பேறுகாலம் நெருங்கியது. பெரியம்மா துணைக்குப் போக வேண்டும். பெரியம்மாவுக்கு வயது 58. பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். காலை உணவுக்கு முன் 7.30 மணிக்கு ஒன்றும், இரவு உணவுக்கு முன் 7.30 மணிக்கு ஒன்றுமாக இரண்டு இன்சுலின் ஊசி. விடிந்ததும் வெறும் வயிற்றில் ஒரு தைராய்டு மாத்திரை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு இரத்த அழுத்தத்திற்கு அம்லோடிபின் மாத்திரை ஒன்று.

“ஏப்பா, நமக்குப் பகல்னா அங்கன ராத்திரியாமே. அப்ப நான் ஊசிய எப்பப் போடுறது? நீதான் காலேசுல சயின்ஸ் படிக்கிறியே, ஒரு தாள்ல எழுதிக் குடுத்துரு” என்றார்.

எங்கள் வீட்டில் கல்லூரிப் படி ஏறியவன் நான் ஒருவனே. ஆகையால் வங்கிப் படிவம் முதல் மருந்துச் சீட்டு வரை எல்லாம் என்னிடம்தான் வரும். தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. ‘இதென்ன பெரிய கணக்கு’ என்று தாளை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மணிக்கணக்கு எளிதுதான். பூமி 24 மணி நேரத்தில் 360 பாகை சுற்றுகிறது. ஒரு மணிக்கு 15 பாகை. நம் நாட்டு நேரம் கிழக்கு 82½ பாகைத் தீர்க்கரேகையை ஒட்டியது. ஆகவே கிரீன்விச்சுக்கு நாம் 5½ மணி முன்னே இருக்கிறோம். (1906இல் இந்த இந்திய நேரம் வருமுன் சென்னைக்கென்றே தனி நேரம் இருந்தது. சென்னை 80¼ பாகையில் இருப்பதால் அது இன்றைய நேரத்துக்கு 9 நிமிடம் பின்தங்கியது. நம் நாட்டு இரயில்கள் ஒரு காலத்தில் அந்தச் சென்னை நேரத்தில்தான் ஓடின.) சிகாகோவின் நேரம் மேற்கு 90 பாகையை ஒட்டியது. இரண்டையும் கூட்டினால் 172½ பாகை; 15ஆல் வகுத்தால் 11½ மணி நேரம். மார்ச் முதல் நவம்பர் வரை அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளி வைத்துக்கொள்வார்கள் ஆதலால், மே மாதத்தில் வித்தியாசம் 10½ மணிதான். நம் மாலை 6 மணி அவர்களுக்குக் காலை 7.30.

பயணம் இப்படி: செவ்வாய்க்கிழமை அதிகாலை 4 மணிக்குச் சென்னையில் விமானம். துபாயில் இறங்கி மூன்று மணி நேரம் காத்திருப்பு. பிறகு பதினைந்தரை மணி நேரம் ஒரே பறப்பு. சிகாகோவில் இறங்கும்போது அங்கே செவ்வாய் மாலை 4.15.

நான் எழுதிய அட்டவணை: செவ்வாய் காலை 7.30 ஓர் ஊசி, செவ்வாய் இரவு 7.30 ஓர் ஊசி, இரண்டும் இந்திய மணிப்படி விமானப் பயணத்திலேயே. அன்றைய கணக்கு இரண்டும் முடிந்துவிட்டதல்லவா? ஆகவே இறங்கிய பிறகு ஒன்றும் வேண்டாம். புதன் காலை 7.30, சிகாகோ நேரம், அடுத்த ஊசி. நாளுக்கு இரண்டு என்ற விதி பிசகவில்லை. அடிக்கோடிட்டு, சிவப்பு மையில் தலைப்பும் எழுதினேன்.

நல்ல வேளையாக, பயணத்துக்குச் சான்றுக் கடிதம் வாங்க அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. மருத்துவரிடம் தாளை நீட்டினேன்; உள்ளுக்குள் சற்றுப் பெருமைதான். அவர் விரலை வைத்து ஒவ்வொரு வரியாகப் படித்தார். பிறகு கேட்டார்: “செவ்வாய்க்கிழமை ராத்திரி சிகாகோவுல இவங்க சாப்பிட மாட்டாங்களா?”

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. அவரே தாளின் பின்புறத்தில் ஒரு கோடு இழுத்து இந்திய மணியை வரிசையாகக் குறித்தார். செவ்வாய் இரவு 7.30க்கு ஓர் ஊசி. நான் அடுத்ததாகக் குறித்த புதன் காலை 7.30, இந்தியக் கணக்கில் புதன் மாலை 6 மணி. இடையில் 22½ மணி நேரம்! அந்த நேரத்துக்குள் சிகாகோவில் ஓர் இரவுச் சாப்பாடு வேறு. பெரியம்மா போடுவது அரை நாளைத் தாங்குகிற கலப்பு இன்சுலின். மீதிப் பொழுது முழுதும் சர்க்கரை ஏறிக்கொண்டே போயிருக்கும். தாகம், சோர்வு, மயக்கம் எல்லாவற்றையும் ‘பயணக் களைப்பு’ என்று சொல்லிப் படுக்க வைத்திருப்பார்கள்.

நான் செய்த பிழை கூட்டல் பிழையன்று. ‘நாள்’ என்றால் 24 மணி என்று எண்ணியதே பிழை. மேற்கே போகிறவர் சூரியனோடு ஓடுகிறார்; அவருடைய நாள் நீளுகிறது. பெரியம்மாவின் செவ்வாய்க்கிழமை இந்தியாவில் நள்ளிரவு தொடங்கிச் சிகாகோவின் நள்ளிரவில் முடிந்தது. அதன் நீளம் 34½ மணி நேரம். அப்படிப்பட்ட நாளில் இரண்டு ஊசி போதாது, மூன்று வேண்டும். கிழக்கே திரும்புகையில் இதற்கு நேர்மாறாக நாள் சுருங்கும். அப்போது ஊசி கூடிவிடுகிற ஆபத்து. சர்க்கரை ஏறுவதாவது சில மணி நேரம் பொறுக்கும், இறங்கினால் பொறுக்காது.

மருத்துவர் திருத்திய கணக்கு இது. செவ்வாய் காலை ஊசியும் இரவு ஊசியும் இந்திய மணிப்படி. மூன்றாவது ஊசி, சிகாகோவில் இரவுச் சாப்பாட்டுக்கு முன் அங்கத்திய 7.30க்கு. அது நமக்குப் புதன் காலை 6 மணி. முந்தைய ஊசிக்கும் இதற்கும் 10½ மணி இடைவெளி. வழக்கமான பன்னிரண்டுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டது. சாப்பிடப்போவது இரவுச் சாப்பாடு ஆதலால் இரவின் அளவு. அதற்கு முன் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்துக்கொள்ள வேண்டும். அதன்பின் முழுக்கச் சிகாகோ நேரம். எத்தனை யூனிட் என்பதை நான் இங்கே எழுதவில்லை. அது பெரியம்மாவின் உடம்புக்கு மருத்துவர் எழுதிய அளவு. இன்னொருவர் பார்த்து எழுதிக்கொள்ளத் தக்கதன்று.

பிறகு மாத்திரைகளைக் கேட்டேன். “அது ரெண்டையும் அங்க போய் மறுநாள் காலையில போட்டுக்கச் சொல்லு, ஒண்ணும் ஆகாது” என்று ஒரே வரியில் முடித்துவிட்டார். ஊசிக்கு அத்தனை நுணுக்கம், மாத்திரைக்கு இத்தனை தாராளமா? விடை என் பாடப் புத்தகத்திலேயே இருந்தது. கதிரியக்கப் பாடத்தில் ‘அரை ஆயுட்காலம்’ என்று படிக்கிறோமே, அது மருந்துக்கும் உண்டு. உடம்பில் உள்ள மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரம் அது. தைராய்டு மாத்திரையில் உள்ள தைராக்சினுக்கு அது ஏறக்குறைய 7 நாள். பத்தரை மணி நேரம் தாமதமாகப் போட்டால் அந்த நேரத்தில் நூற்றுக்கு நான்கு பங்குதான் குறையும். உடம்பு அதை உணராது. அம்லோடிபினுக்கு 30 முதல் 50 மணி நேரம். அதுவும் அவசரப்படாத மருந்து. பெரிய கண்மாயில் ஒரு நாள் தண்ணீர் வராவிட்டால் மடை காய்வதில்லை. குடத்தில் வராவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

குடம் போன்ற மருந்துகளும் உண்டு. வலிப்பு நோய்க்குத் தரும் லெவடிரசிட்டத்தின் அரை ஆயுட்காலம் 6 முதல் 8 மணி நேரம். ஏழு என்று வைத்துக்கொண்டால், வேளை தவறிப் பத்தரை மணி நேரம் கழியும்போது, தவறிய வேளையில் இருந்ததில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல்தான் மிஞ்சும். வலிப்பு உள்ளவர்களுக்கு உறக்கம் கெடுவதும் வலிப்பைத் தூண்டும். நள்ளிரவு விமானமும் தவறிய மாத்திரையும் ஒன்றுசேர்ந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இத்தகையோர் ஊர் மணியைப் பாராமல், இரண்டு வேளைக்கு நடுவே உள்ள இடைவெளியை விடாமல் பிடித்துக்கொள்ள வேண்டும். இரத்தம் உறையாதிருக்க மாத்திரை உண்பவர், மாற்றுச் சிறுநீரகம் பொருத்திக்கொண்டவர் ஆகியோரும் புறப்படுமுன்பே மருத்துவரிடம் மணிக்கணக்கை எழுதி வாங்கிக்கொள்வது நல்லது.

எல்லாப் பயணத்துக்கும் இத்தனை கலக்கம் வேண்டியதில்லை. நம் பக்கத்து மக்கள் பெரும்பாலும் போவது வளைகுடாவுக்கும் சிங்கப்பூர், மலேசியாவுக்கும். துபாய் நமக்கு 1½ மணி பின்னே. சிங்கப்பூர் 2½ மணி முன்னே. மூன்று நான்கு மணிக்குட்பட்ட மாற்றத்துக்குப் பெரும்பாலான மருந்துகளில் அந்த ஊர் வேளைக்கே மாறிக்கொள்ளலாம். நாளுக்கு ஒரு முறை மட்டும் நீண்ட நேர இன்சுலின் போடுபவர்கள் நெடுந்தூரம் போனால், அந்த ஒரு ஊசியை நாளுக்கு ஓரிரண்டு மணியாக நகர்த்திப் புது வேளைக்குக் கொண்டுவருவது ஒரு முறை.

கணக்கு சரியாகிவிட்டது. ஆனால் தாளில் உள்ள கணக்கை விமானத்துக்குள் எப்படி நடத்துவது? பெரியம்மாவின் கைப்பேசியில் 7.30க்கு மணி அடிக்க வைத்துக் கொடுக்கலாம் என்று முதலில் எண்ணினேன். அதிலும் ஒரு கண்ணி உண்டு. துபாயில் இறங்கி இணைப்புக் கிடைத்ததும் கைப்பேசி தானாகவே துபாய் நேரத்துக்கு மாறிவிடும். அதன்பின் அது அடிக்கும் 7.30, நம்முடைய 9 மணி. ஆகவே அப்பாவின் பழைய கைக்கடிகாரத்தைச் சாவி கொடுத்துப் பெரியம்மாவின் கையில் கட்டிவிட்டோம். அதற்கு எந்த ஊரும் தெரியாது. கட்டிய ஊரின் மணியையே காட்டும். “வழியில் எவர் என்ன மணி சொன்னாலும் கேட்காதீர்கள், இதை மட்டும் பாருங்கள். சிகாகோவில் முதல் இரவுச் சாப்பாடு முடிந்த பிறகு அக்கா வீட்டுக் கடிகாரத்தைப் பாருங்கள்” என்று சொன்னேன். வட்டார வழக்கில் இதை மூன்று முறை சொல்ல வேண்டியிருந்தது.

மருத்துவர் சொன்ன இன்னொன்று எனக்குத் தோன்றவே தோன்றாது. விமானத்தில் உணவு வண்டி வருவதைக் கண்டவுடன் ஊசி போட்டுக்கொள்ளக் கூடாதாம்; தட்டு மடியருகே வந்த பிறகே போட வேண்டுமாம். வண்டி நாலு வரிசை முன்னே வரும்போது விமானம் குலுங்கினால் எல்லோரையும் உட்காரச் சொல்லிவிடுவார்கள். உணவு அரை மணியும் தாமதிக்கலாம். உள்ளே போன இன்சுலின் தாமதிக்காது. வியர்வை, கை நடுக்கம், படபடப்பு என்று தொடங்கிப் பேச்சுக் குழறும். அதற்குக் கைப்பையில் குளுக்கோஸ் பொட்டலம். பெரியம்மா கருப்பட்டி போதும் என்றார். கடித்துத் தின்ன நேரமிருக்காது, குளுக்கோஸ்தான் என்று மருத்துவர் பிடிவாதமாக இருந்தார்.

மருந்து முழுவதும் கைப்பையில்தான் இருக்க வேண்டும். பெட்டியில் வைத்தால் அது வேறு ஊருக்குப் போய்விடலாம் என்பது ஒன்று. விமானத்தின் அடிப்பகுதியில் குளிரில் இன்சுலின் உறைந்து போகலாம் என்பது மற்றொன்று. உறைந்து உருகிய இன்சுலின் பார்வைக்கு நன்றாக இருந்தாலும் ஆகாது. திறந்த குப்பி கடும் வெயில் படாத சாதாரண அறைச் சூட்டில் நான்கு வாரம் தாங்கும். எங்கள் ஊரில் குளிர்பெட்டி இல்லாத வீடுகளில் ஈர மணலில் வைத்த மண் கலயத்துக்குள் குப்பியை வைத்திருப்பதை நீங்களும் பார்த்திருக்கலாம்.

இதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றுண்டு. அதைக் கேட்டபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. நம் நாட்டில் குப்பியில் வரும் இன்சுலின் பெரும்பாலும் மில்லிலிட்டருக்கு 40 யூனிட். அமெரிக்காவில் கடையில் கிடைப்பது மில்லிலிட்டருக்கு 100 யூனிட். நம் ஊர் ஊசிக்குழலில் கோடுகள் 40க்கு ஏற்பப் போட்டிருக்கும். கொண்டுபோன குப்பி தீர்ந்து அங்கே ஒரு குப்பி வாங்கி, நம் ஊர்க் குழலில் 10 என்ற கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். இரண்டரை மடங்கு! குப்பி எந்த நாட்டதோ, குழலும் அந்த நாட்டதாக இருக்க வேண்டும். இதை ஆங்கிலத்திலும் தமிழிலும் எழுதி, குப்பி வைத்த டப்பாவின் மூடியில் ஒட்டினேன். என் அட்டவணையை விட இந்த ஒட்டுத்தாள்தான் உருப்படியான வேலை என்று இன்றும் எண்ணுகிறேன். மாத்திரைகளுக்கும் கம்பெனிப் பெயர் நாட்டுக்கு நாடு மாறும் ஆகையால், மருந்தின் பொதுப் பெயரை மருத்துவர் கடிதத்தில் எழுதிக் கையெழுத்திட்டார்.

பெரியம்மா நலமாகப் போய்ச் சேர்ந்தார். மூன்று ஊசியும் உரிய வேளையில் நடந்தன. ஆனால் மூன்றாம் நாள் அக்கா தொலைபேசியில் கூப்பிட்டார்: “அம்மா ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துக்கிட்டுப் பசிக்குதுங்குது. பகல்ல சோத்த வச்சா வேண்டாங்குது. சக்கரையும் ஏறி எறங்குது. கணக்குல எதும் தப்பா?”

கணக்கில் தப்பில்லை. ஊசி சிகாகோ நேரத்துக்குப் போய்விட்டது. உடம்பு மட்டும் மேலூரிலேயே இருந்தது. சிகாகோவின் இரவு 2 மணி நமக்குப் பகல் 12.30, பசிக்க வேண்டிய நேரம்தானே!

உடம்புக்குள் ஒரு கடிகாரம் உண்டு என்பதை விலங்கியல் மாணவர்கள் அறிவோம். 1729இல் பிரெஞ்சு நாட்டு அறிஞர் டி மைரான், சூரியனைக் கண்டு இலை விரிக்கும் செடி ஒன்றை இருட்டில் வைத்தபோதும் அது வேளை தவறாமல் இலையை விரித்து மூடியதைக் கண்டார். பழ ஈயில் அந்தக் கடிகாரத்தின் மரபணு வேலைசெய்யும் விதத்தைக் கண்டவர்களுக்கு 2017இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மதுரைக்கும் இதில் பங்குண்டு. மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் எம். கே. சந்திரசேகரன், வெளிச்சமே புகாத குகையில் வாழும் வௌவால்கள் பொழுதை எப்படி அறிகின்றன என்று ஆராய்ந்தார். பகலும் இரவும் தெரியாத, கடிகாரம் இல்லாத தனியறையில் மனிதரைத் தங்க வைத்தும் அங்கே ஆய்வு நடந்தது. எங்கள் ஊரிலிருந்து பேருந்தில் போய்விடக்கூடிய தொலைவில் இவ்வளவும் நடந்திருக்கிறது என்பதைப் பெரியம்மாவின் பசியை முன்னிட்டுத்தான் நான் தேடிப் படித்தேன்!

இந்த உள்கடிகாரம் புது ஊருக்கு ஒரேயடியாகத் தாவாது. நாளுக்கு ஏறக்குறைய ஒரு மணியாகத்தான் நகரும். பத்தரை மணிக்கு ஒரு வாரத்துக்கு மேலாகும். பசி, உறக்கம், ஈரலிலிருந்து சர்க்கரை இறங்குவது எல்லாம் அதன் சொற்படி நடப்பதால், அந்த நாட்களில் சர்க்கரையை அடிக்கடி பார்க்க வேண்டும். காலை வெயிலில் நடப்பது அதை விரைந்து திருப்பும். அக்காவிடம் இதைச் சொன்னேன். இரவு 2 மணிக்குப் பசித்தால் ஒரு குவளைப் பால், ஊசி கூடாது என்று மருத்துவர் சொன்னதையும் சொன்னேன். பத்து நாளில் சரியாயிற்று. அதற்குள் பேரனும் பிறந்துவிட்டான். அவன் இரவு பகல் பார்க்காதவன் ஆதலால் பெரியம்மாவின் விழிப்பு வீட்டுக்கு உபகாரமாகவே இருந்ததாம்.

அக்டோபரில் திரும்பினார். இந்த முறை முன்கூட்டியே மருத்துவரிடம் போனேன். சிகாகோவில் இரவு 8.30க்கு விமானம், 7.30க்கு விமான நிலையத்திலேயே சாப்பிட்டு ஓர் ஊசி. பன்னிரண்டு மணி கழித்து, துபாயில் இறங்குமுன் தரும் உணவோடு அடுத்தது. துபாயில் கால் வைக்கும்போது அங்கே இரவு 7 மணி. கண்ணி இங்கேதான். சுவர்க் கடிகாரம் 7.30 காட்டும், பழக்கப்பட்ட கை ஊசியைத் தேடும். அப்படிப் போட்டால் முந்தையதற்கும் அதற்கும் மூன்றே மணி நேரம். சுருங்கிய நாளின் ஆபத்து என்று மருத்துவர் சொன்னது இதைத்தான். “துபாயில் ஊசி இல்லை” என்று தாளில் பெரிய எழுத்தில் எழுதி, அக்காவுக்குக் கைப்பேசியில் படம் எடுத்து அனுப்பினேன். அவர் அதை அச்சடித்துப் பெரியம்மாவின் கைப்பையில் வைத்தார். கடிகாரத்தை மட்டும் புறப்படுமுன் இந்திய மணிக்குத் திருப்பிக் கட்டிக்கொண்டார்.

அதிகாலை 3.15க்குச் சென்னையில் இறங்கினார். அழைத்துவர நானும் அப்பாவும் வண்டியோடு போயிருந்தோம். விழுப்புரம் தாண்டி ஓர் உணவு விடுதியில் நிறுத்தினோம். இட்லித் தட்டு மேசைக்கு வரும்வரை பெரியம்மா ஊசிக்குழலைக் கையில் எடுக்கவில்லை. போட்டுக்கொண்டு, கடிகாரத்தைக் கழற்றி அப்பாவிடம் கொடுத்தார். அதில் மணி 7.40.